இரண்டாவது ஊசி

ஜெயவேல் டிரெய்லர் லாரி எடுக்கப் புறப்படும் வேளையில் ராஜாத்தி சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். அண்ணன் செருப்பு மாட்டி, படி இறங்கி, தெருமுனை திரும்பும்வரை அவளுக்கு அடுப்படிதான் இடம். யாரும் பிடித்துக் கட்டிவைத்ததில்லை. நடக்கத் தெரிந்த வயதிலிருந்து அம்மா தாயம்மாள் "உள்ள போ, அண்ணன் கௌம்பறான்" என்று சொல்லிச் சொல்லி, இப்போது சொல்லாமலே கால் தானாக உள்ளே போய்விடுகிறது. வயது இருபத்தாறு. சொந்த ஆட்டோவில் எர்ணாவூருக்கும் டோல்கேட்டுக்கும் நடுவே சவாரி அடிக்கிறாள். கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் புகுந்து வெளியே வருகிற அவளுடைய சாமர்த்தியம் அந்த ரோட்டில் பல ஆம்பளைகளுக்கே கிடையாது. வீட்டுக்குள் மட்டும் அவள் எதிரே வரக்கூடாத ஆள்.

அவள் சித்திரையில் பிறந்தவள். பிறந்த அதே மாதம், துறைமுகத்தில் கன்டெய்னர் மேல் நின்று கொக்கி மாட்டிக்கொண்டிருந்த அப்பா கீழே விழுந்து செத்துப்போனார். சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடி கெடும் என்று சொல்கிற ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அந்தக் கொக்கி துருப்பிடித்துக் கிடந்ததை ஒருவரும் பேசவில்லை. தொட்டிலில் கிடந்ததைப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தாயம்மாளைக் கெட்டவள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. பால் கொடுத்தாள், படிக்க வைத்தாள், ஆட்டோ வாங்கும்போது காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். மகளின் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கமாட்டாள்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் செங்கொடி. வியாசர்பாடிக்காரி. அவளுடைய அப்பா ஒரு மில்லின் தொழிற்சங்கத்தில் கொடி பிடித்தவர், பிடித்த கொடியையே மகளுக்குப் பேராகவும் வைத்துவிட்டார். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிக் காவல் காத்த தாயம்மாள், இரண்டாவது ஆடியில் அசந்துவிட்டாள். பிள்ளை உண்டாகிற காரியத்துக்கு யார் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? செங்கொடிக்கு நாள் தள்ளிப்போனதும் தாயம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடித்தவள் போய்ப் படுத்துக்கொண்டாள். கணக்கு நேராகச் சித்திரையில் போய் நின்றது.

டோல்கேட் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில்தான் செங்கொடியைக் காட்டினார்கள். டாக்டர் தேவகிருபை நாகர்கோவில் பக்கத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் யாரையும் 'மக்ளே' என்று கூப்பிடாமல் பேசத் தெரியாதவர். பங்குனி தொடங்கியதும் ஸ்கேன் பார்த்துவிட்டு, குழந்தை தலை மேலேயும் கால் கீழேயுமாக உட்கார்ந்திருக்கிறது, இனிமேல் திரும்புவது சந்தேகம், ஆபரேஷன்தான் என்று சொன்னார்.

"ஏப்ரல் கடைசி வாரம் வச்சுக்கலாம்."

"அது சித்திரைங்க டாக்டரம்மா" என்றாள் தாயம்மாள். "ஆபரேசன்னு ஆயிட்ச்சி. அத்த பங்குனிலயே பண்ணிட்டா இன்னா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாசத்துல என்ன மக்ளே இருக்கு? வலி வந்து பிறக்கிற பிள்ளைக்கு அந்த வலியிலயே நெஞ்சுல உள்ள தண்ணி வத்த ஆரம்பிச்சிடும். நாம வெட்டி எடுக்கிற பிள்ளைக்கு அது கிடையாது. அதுலயும் ரெண்டு வாரம் முந்தி எடுத்தா மூச்சுக்குத் திணறும். உள்ளேயே இருக்கட்டும், நல்லது."

செங்கொடி டாக்டர் பக்கம் தலையாட்டினாள். தாயம்மாள் சுவரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ராஜாத்தி அண்ணியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பது ஆணோ பெண்ணோ தெரியாது. அது எங்கே நிற்கும், எப்போது உள்ளே போகும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது, தாயம்மாள் மீன் வாங்கக் காலடிப்பேட்டையில் இறங்கிக்கொண்டாள். ராஜாத்தி கடலோர ரோட்டில் ஆட்டோவை ஓரம் கட்டினாள். பாறைகள்மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, பங்குனிலயே பண்ணிக்கோ."

செங்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா ராஜி இத்த சொல்ற? உன்னைப் போட்டு இவ்ளோ நாளா வாட்டினதே இந்தப் பேச்சுதான? எங்கப்பா கேட்டா சிரிப்பாரு."

"உங்கப்பா நம்பமாட்டாரு. நீ நம்பமாட்ட. நானும் நம்பல. நம்பலன்னா இன்னா ஆச்சி? அண்ணன் கௌம்பசொல்ல இன்னும் நான் அடுப்பாண்டதான குந்திகினு கீறேன்?" ராஜாத்தி பின்னால் திரும்பி உட்கார்ந்தாள். "அண்ணன் டிரெய்லர் ஓட்டறான். ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு ரோட்ல எதுனா ஒண்ணு ஆவும். சின்னக் கீறல் உழுந்தாலும் அத்த புள்ள தலைல வெச்சிடுவாங்க. அந்தப் பேச்சுல நான் வளந்துட்டேன். இது வாணாம் அண்ணி."

செங்கொடி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அப்பாவின் கொள்கைக்கு மசியாத வாழ்க்கை ஒன்று தன் முன்னால் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. "சரி, கேட்டுப் பாப்போம்" என்றாள்.

ராஜாத்தி வண்டியைக் கிளப்பினாள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்றே நினைத்தாள்.

மறுபடி போய்க் கேட்டபோது டாக்டர் தேவகிருபை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தாயம்மாள் அழுதாள். ஜெயவேல் வேறொரு ஆஸ்பத்திரியில் கேட்கிறேன் என்றான். எங்கேயோ எவனோ எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வெட்டிவிடுவானே என்ற கவலையில்தான், பங்குனியின் கடைசி வாரத்தில், டாக்டர் இறங்கி வந்தார்.

"பிள்ளையோட நுரையீரல் சீக்கிரம் பழுக்கிறதுக்கு ஒரு ஊசி இருக்கு. ஸ்டீராய்டு. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு இதே நேரம் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு மருந்து, பாத்துக்க. அதுக்கு மறுநாள் ஆபரேஷன். இது போட்டா மூச்சுத் திணறல் வரவே வராதுன்னு நான் சொல்லல. குறையும், அவ்வளவுதான். காத்திருக்கிறது இதைவிட நல்லது. நீங்க கேக்க மாட்டீங்க."

முதல் ஊசியை நர்ஸ் அங்கேயே போட்டாள். அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் இந்த வயிற்றோடு தினமும் குலுங்கிக்கொண்டு வரவேண்டாம், தெருவில் நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். பக்கத்துத் தெருவில் ஷெர்லின் இருக்கிறாள், ஒரு கம்பெனி கிளினிக்கில் வேலை பார்க்கிறாள் என்று ராஜாத்தி சொன்னாள். இரண்டாவது ஊசிக்கான மருந்துக் குப்பியைப் பஞ்சில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்கள்.

"எதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே ஃபோன் பண்ணு" என்றார் டாக்டர். "எந்த நேரமானாலும்."

மறுநாள் காலை காற்று திரும்பியிருந்தது. எர்ணாவூர்க்காரர்களுக்குக் கண் விழித்ததும் முதல் வேலை மூச்சை இழுத்துப் பார்ப்பது. சில நாள் வெறும் உப்புக்காற்று, சில நாள் முட்டை அழுகின வாடை, சில நாள் பேர் தெரியாத ஏதோ ஒன்று தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்குப் பேர் தெரியாததுதான். தெருவில் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணூர்த் தொழிற்சாலைகள் பக்கம் பார்த்தபடி நின்றார்கள். ராஜாத்தி ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது செங்கொடி கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ராஜி, புள்ள ஆடல."

"தூங்கிகினு இருக்கும்."

"விடியகாத்தால ஆடும். டெய்லியும் ஆடும். உதைச்சி எயுப்பும். இன்னிக்கு கம்முனு கீது."

ராஜாத்தி ஓடிப்போய்ச் சில்லென்று ரோஸ் மில்க் வாங்கி வந்து குடிக்கக் கொடுத்தாள். இடது பக்கமாகப் படுக்கவைத்தாள். வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தாள். வழக்கமாக உள்ளங்கையில் முட்டி விளையாடுகிற வயிறு அன்று கல் மாதிரி கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்ன அசைவு வந்தது, வந்ததா என்று சந்தேகப்படும்படி. பிறகு அதுவும் இல்லை.

தாயம்மாள் வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஊசிதான். ஊசி போட்டுப் புள்ளைய அடக்கிட்டாளுங்க."

"டாக்டருக்கு ஃபோன் போடு ராஜி" என்றாள் செங்கொடி. அவள் உதடு வெளுத்திருந்தது.

ராஜாத்தி செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நம்பரையும் எடுத்தாள். விரல் அதன் மேலேயே நின்றது. ஃபோன் செய்தால் என்ன சொல்வார்கள்? உடனே கூட்டிக்கொண்டு வா என்பார்கள். ஸ்கேன் என்பார்கள். இந்த நிலையில் இப்போது வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம், நான் முதலிலேயே சொன்னேனே என்பார்கள். நாள் தள்ளிப்போகும். பங்குனியில் மிச்சம் இருப்பதோ நாலைந்து நாள். தள்ளினால் சித்திரை. ஊசி போட்டதும் அடங்கிப்போன பிள்ளைக்கு மறுபடி அதே ஊசியைப் போடவும் அவளுக்கு மனம் துணியவில்லை.

அவள் ஃபோன் பண்ணவில்லை. ஒரே ஒரு ஃபோன். பண்ணியிருந்தால் விஷயம் அன்றைக்கே தெளிந்திருக்கும். இதைச் சொல்லும்போது எனக்கே அவள்மேல் கோபம் வருகிறது. ஆனால் பயந்த மனுஷிக்குப் புத்தி சொல்ல நாம் யார், அந்த அடுப்படியில் நாம் நின்றிருக்கிறோமா?

சொல்லிவைத்தபடி ஷெர்லின் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். ராஜாத்தி எதிரே ஓடினாள்.

"அக்கா, வாணாம்க்கா. டோல்கேட்டுக்கே இட்டுனு வரச் சொல்ட்டாங்க. அங்கியே போட்டுக்கறோம்."

"அப்படியா? நேரம் தவறாமப் போடணும்டி. சொல்லிட்டாங்கல்ல?" ஷெர்லின் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன நாத்தம் இன்னைக்கு! சீக்கிரம் கூட்டிட்டுப் போ." நம்பித் திரும்பிப் போனாள்.

ராஜாத்தி வீட்டுக்குள் வந்தாள். அண்ணியின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"பேசிட்டேன் அண்ணி. ஊசி போட்டா புள்ள ரெண்டு நாளைக்கு இப்டித்தான் கம்முனு கெடக்குமாம். பயப்படாதன்னாங்க. ரெண்டாவது ஊசி வாணாமாம், ஒண்ணே போதுமாம்."

செங்கொடி மூச்சு விட்டாள். தாயம்மாள், "நான் அப்பவே நெனச்சேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். குப்பியை ராஜாத்தி தன் காக்கிச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். தூக்கி எறிய மனம் வரவில்லை. குப்பையில் போட்டால் யார் காலிலாவது குத்தும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை, ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு முன்பாகவே நர்சிங் ஹோம் போய்ச் சேர்ந்தார்கள். நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்தாள், குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்டது. ராஜாத்திக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் நல்லபடி முடியப் போகிறது, தான் பண்ணினதுதான் சரி என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். செங்கொடியை உள்ளே அழைத்துப் போனார்கள். டாக்டர் தேவகிருபை கையைக் கழுவப் போகிற வழியில், கதவோரம் தனியாக நின்ற ராஜாத்தியிடம் நின்றார்.

"ரெண்டாவது ஊசி நேரத்துக்குப் போட்டாச்சா?"

சட்டைப் பையில் குப்பி நெஞ்சில் உறுத்தியது.

"போட்டாச்சு டாக்டர்."

கதவு மூடியது. ஜெயவேல் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். தாயம்மாள் கண்ணை மூடி எல்லையம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ராஜாத்தி காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பிறந்தால் முதலில் வெளியே வருவது அழுகைச் சத்தம். அதற்காகத்தான் காத்திருந்தாள்.

அழுகை வரவில்லை. யாரோ வேகமாக நடக்கிற சத்தம் வந்தது. ஏதோ இரும்புச் சாமான் உருண்டது. பிறகு ஒரு முனகல். "ம்ம்... ம்ம்..." ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல், பெரிய மூட்டையை இழுக்கிற கூலிக்காரனுடையது மாதிரி. பச்சைக் குழந்தையின் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

ஆண் பிள்ளை. துணியில் சுற்றி ஆக்சிஜன் வைத்துக் கொண்டுவந்தார்கள். மூக்கு விரிந்து விரிந்து மூடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தது. விரல் நுனியெல்லாம் நீலம். தாயம்மாள் நர்ஸைப் பார்த்துக் கத்தினாள்.

"உங்க ஊசி போட்டதுலேந்தே புள்ள அடங்கிட்ச்சி! ஆடவே இல்ல!"

நர்ஸ் நடந்துகொண்டே சொன்னாள். "அது ஊசிக்கு இருக்கும்மா. சில பேருக்கு ரெண்டு நாள் அசைவு கம்மியாகும், அப்புறம் தானா சரியாயிடும். சந்தேகம் வந்தா எங்களுக்கு ஃபோன் பண்ணியிருக்கணும்."

தாயம்மாள் அதைக் காதில் வாங்காமல் பிள்ளைக்குப் பின்னால் ஓடினாள். ராஜாத்தி அங்கேயே நின்றாள். அண்ணியிடம் சொன்ன பொய்யில் பாதி உண்மை. உண்மை என்று தெரியாமலே சொன்ன உண்மை. அந்த ஃபோனைப் பண்ணியிருந்தால் டாக்டரும் இதையேதான் சொல்லியிருப்பார், ஷெர்லின் ஊசியைப் போட்டுவிட்டுப் போயிருப்பாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தையோடு ஜெயவேல் ஏறிக்கொண்டு, தாயம்மாள் செங்கொடியிடம் போன பிறகு டாக்டர் தேவகிருபை வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு ஊசியும் போட்டும் இப்படி வருதே மக்ளே. சில பிள்ளைக்கு வரும்தான். நான் இந்த நாளுக்கு ஒத்துக்கிட்டிருக்கவே கூடாது. தப்பு என்மேல" என்றார். ராஜாத்தி வாயைத் திறந்தாள். ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக் கிளம்பியது. அவள் ஆட்டோவில் பின்னாலேயே போனாள்.

பிறகு வந்த நாட்கள் ஒன்றுபோல் இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய்களுக்கு நடுவே பிள்ளை. மிஷின் மூச்சு விட்டால் அவனும் விட்டான். காலையில் டாக்டர் வந்து "பாக்கலாம்" என்பார், மாலையிலும் "பாக்கலாம்" என்பார். செங்கொடி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். பால் கட்டி நெஞ்சு வலித்தது, குடிக்க ஆள் இல்லை. பங்குனியில் பிறந்தவன் என்று பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் தாயம்மாள் மறக்காமல் சொன்னாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. ராஜாத்தி சோறு இறங்காமல் இளைத்துப்போனாள். ராத்திரி தூக்கத்திலும் அந்த முனகல் கேட்டது. போட்டிருந்தால் இது வந்திருக்காது என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்யமாட்டார். ஆனால் போடவில்லை. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சித்திரை பிறந்தது. அன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் வேப்பம்பூ விற்றார்கள். புத்தாண்டு என்று யாரோ எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டு போனார்கள். கப்பலுக்கு ஏது புத்தாண்டு? கன்டெய்னர் யார்டிலிருந்து ஜெயவேலுக்கு விடாமல் ஃபோன் வந்தது. இத்தனை நாள் லீவு போட்டவன் இன்றைக்காவது மீஞ்சூருக்கு ஒரு லோடு அடித்தே ஆகவேண்டும். வண்டிச் சாவி கையில் இருந்தது. பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றான்.

அப்போதுதான் அந்த வார்டு நர்ஸ் ஜூடி கதவைத் திறந்துகொண்டு சிரித்த முகமாக வந்தாள்.

"குழாயை எடுத்தாச்சு! காலையிலேர்ந்து தானா மூச்சு விடறான். இன்னிக்குத்தான் புதுசாப் பொறந்திருக்கான்னு வெச்சுக்கங்களேன். அப்பா உள்ள வாங்க, கையைக் கழுவிட்டு வந்து முகத்தைப் பாருங்க."

செங்கொடி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெயவேல் சாவியோடு ஒரு அடி எடுத்து வைத்தான். தாயம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போவாத."

"இன்னாம்மா?"

"அவங்க சொன்னது கேக்கல? இன்னிக்குத்தான் பொறந்தானாம். சித்திரை பொறந்து, மூச்சு உட்டுருக்கான்." அவள் கண்ணில் பழைய துறைமுகம் தெரிந்தது. "நீ அவன் மொகத்தப் பாக்காத. இந்த மாசம் முச்சூடும் பாக்காத. வண்டியும் எடுக்காத. செங்கொடி, வூட்டுக்கு வந்தா நீ ஜாக்கிரதையா இருந்துக்கோ. இவன் கௌம்பசொல்ல புள்ளைய அடுப்பாண்ட இட்டுனு போயிடு."

செங்கொடி அழுகையை நிறுத்திவிட்டு மாமியாரை வெறித்தாள். ஜெயவேல், "இன்னாம்மா பேசற நீ" என்றான். ஆனால் கையை உதறவில்லை. அவன் கண் சாவிமேல் போய் நின்றது. அப்பன் எப்படிச் செத்தான் என்று அவனுக்கும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். ராஜாத்தி அதைப் பார்த்தாள். இப்படித்தான் தொடங்கியிருக்கும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ இப்படித்தான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள், யாரோ இப்படித்தான் கையை உதறாமல் நின்றிருப்பார்கள்.

அவள் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். பஞ்சு அழுக்கேறிக் கிடந்தது. அதைப் பிரித்து, உடையாத குப்பியை எடுத்து, அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது இன்னா?" என்றான் ஜெயவேல்.

"ரெண்டாவது ஊசி. அண்ணிக்குப் போடவே இல்ல. டாக்டர் வாணாம்னாங்கன்னு நான் சொன்னது பொய்யி. அவங்களாண்ட போட்டாச்சுன்னு சொன்னதும் பொய்யி. நான் ஃபோனே பண்ணல." ராஜாத்தியின் குரல் உடையவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். "மாசமும் இல்ல, ராசியும் இல்ல. புள்ள மூச்சுக்கு அல்லாடினதுக்கு நான்தான் காரணம். அண்ணனுக்கு நாளைக்கு ரோட்ல எதுனா ஒண்ணுன்னாலும் என்னையே வையி. யாரையாச்சும் ஒருத்தர வையாம உன்னால இருக்க முடியாதில்ல? என்னை வையி. அந்தப் பச்சமண்ண உட்டுடு."

நர்ஸ் ஜூடி கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஏன் ராஜி?" என்றாள் செங்கொடி. "நான் கேட்டனே. ஃபோன் பண்ணுன்னு கேட்டனே உன்னை."

"பண்ணா நாள தள்ளிடுவாங்கன்னு பயந்துட்டேன் அண்ணி. தள்னா சித்திரை. சித்திரைல பொறந்தா என்னை மாதிரி ஆயிடுவான்."

செங்கொடி அவளைப் பார்த்தாள். பிறகு மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜெயவேல் ஓங்கிய மற்றொரு கை பாதியில் நின்றது. "என் கண்ணு முன்னால நிக்காத" என்றான். இத்தனை காலம் செய்யாத குற்றத்துக்குப் பேச்சு வாங்கியவள், முதல்முறையாகச் செய்த குற்றத்துக்கு வாங்கினாள். இது வலித்தது. ஆனால் இது அவளுடையது.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மெலிதாக, கம்மிப்போன தொண்டையில், விட்டு விட்டு. முனகல் இல்லை. அழுகை. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை அழுது அவர்கள் கேட்டதே இல்லை.

ஜெயவேல் கதவுப் பக்கம் திரும்பினான். வழியில் நின்றுகொண்டிருந்த ராஜாத்தி, பழக்கம் விடாமல், தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவள் ஒதுங்குவதைத் தாயம்மாள் பார்த்தாள். என்னை மாதிரி என்று சொன்ன வாயையும், அந்த முகத்தையும், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நேருக்கு நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாசம் இல்லை. என்ன இருந்தது என்று ராஜாத்திக்குத் தெரியவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனாள்.

தாயம்மாளின் கை மகனின் மணிக்கட்டை எப்போது விட்டது என்று அவளுக்கே தெரியாது. உள்ளே அப்பனும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.